செஷல்ஸில் பாய்மரப் படகு: காற்று வேண்டுமா, தூக்கம் வேண்டுமா?

செஷல்ஸ் தீவுகளில் ஒரு வாரம் படகு வாடகைக்கு எடுத்துச் சுற்றலாமா, செலவுக்குத் தகுமா என்று இந்த இரண்டு மாதத்தில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஆகஸ்டில், அடுத்தது இரண்டு வருஷம் கழித்து ஏப்ரலில். அதே தீவுகள், ஏறக்குறைய அதே வழி, அதே அளவுப் படகு, கூட வந்தவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். ஆனாலும் இரண்டும் வெவ்வேறு நாட்டுக்குப் போய் வந்த மாதிரி இருந்தது. அதனால் யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மாதம்?

மொத்தம் 115 தீவுகள் என்று எல்லா இடத்திலும் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். வாடகைப் படகில் ஒரு வாரத்தில் போகக்கூடியது பெரிய தீவான மாஹே, ப்ராலின், லா டீக், இவற்றைச் சுற்றிக் கிடக்கும் சில சின்னத் தீவுகள், அவ்வளவுதான். மீதித் தீவுகளில் அமிரான்ட் கூட்டம் மாஹேயிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல். அல்டாப்ரா ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டி இருக்கிறது. எங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. இரவில் படகோட்டக்கூடாது, மாலை 5 மணிக்குள் எங்காவது நங்கூரம் போட்டிருக்க வேண்டும் என்பதும் அதே தாளில் இருந்தது. பூமத்தியரேகைக்கு 4, 5 டிகிரி தெற்கே இருப்பதால் வருஷம் முழுக்க ஆறரை மணி வாக்கில் இருட்டிவிடும், அந்தி என்று ஒன்று நின்று நிதானித்துப் போவதே இல்லை, விளக்கை அணைத்த மாதிரிதான். ஆக நாள் சின்னது, ஓடும் தூரமும் சின்னது.

சரி, காற்றுக்கு வருவோம். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்கிலிருந்து அடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் மணிக்கு 15 முதல் 20 கடல் மைல் சாதாரணம், சில நாள் 25ஐத் தொடும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று, அது கொஞ்சம் மெலிது, ஆனால் மழை அந்தக் காலத்தில்தான் கொட்டும். நடுவில் ஏப்ரலிலும் அக்டோபர் கடைசி, நவம்பரிலும் காற்று திசை மாறும் இடைவெளி. அப்போது கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடக்கும்.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மாஹேக்கு வடகிழக்கே 25 கடல் மைலில் ப்ராலின். காற்றோ தென்கிழக்கிலிருந்து. அதாவது போகும்போதும் காற்று பக்கவாட்டில், திரும்பி வரும்போதும் பக்கவாட்டில். பாய்மரம் ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கோணம் கிடையாது. எதிர்க்காற்றில் குறுக்கும் நெடுக்குமாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை, பாயை ஒரு முறை சரியாக வைத்துவிட்டால் போதும். ஆகஸ்ட் பயணத்தின் முதல் நாள் காலை மாஹேயின் ஈடன் ஐலண்ட் படகுத்துறையிலிருந்து கிளம்பி, சாந்த் ஆன் தீவைத் தாண்டி வெளியே வந்து, பெரிய பாயை ஒரு சுற்றுச் சுருக்கி வைத்தும் படகின் வேகம் மணிக்கு 8 கடல் மைலைத் தொட்டது. எஞ்சினை அணைத்தபோது வந்த அமைதியும், எங்கள் இரட்டை உடல் படகின் இரண்டு அடிப்பாகங்களுக்கும் நடுவில் தண்ணீர் சீறிய சத்தமும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மூன்றேகால் மணி நேரத்தில் ப்ராலின் பக்கம் வந்துவிட்டோம். பாய்மரம் என்றால் இதுதான் என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் எட்டு பேரில் ஐந்து பேர் பின்பக்கம் வாளியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கும் அதே காற்றுதான் காரணம். இந்தத் தீவுகள் எல்லாம் கடலுக்கடியில் பரந்து கிடக்கும் ஒரு மேட்டின் மேல் இருக்கின்றன, அங்கே ஆழம் பெரும்பாலும் 40லிருந்து 60 மீட்டர்தான், வெளியே ஆயிரக்கணக்கான மீட்டர். காற்று அந்த மேட்டின் மேல் நாள்கணக்கில் அடித்துக்கொண்டே இருந்தால் அலை குட்டையாக, நெருக்கமாக எழும்பும், அதுவும் விலாவில் வந்து இடிக்கும். மாஹே-ப்ராலின் பயணிகள் படகு ஒரு மணி நேரத்தில் போய்விடும், அதில் போகிறவர்களே ஆகஸ்டில் வாந்திப் பையோடுதான் உட்காருகிறார்கள். நாங்கள் எடுத்த இரட்டை உடல் படகுக்குப் பெயர் கேட்டமரான். சொல் என்னவோ நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான், ஆனால் இதில் நாலு படுக்கையறை, நாலு கழிப்பறை, ஐஸ் கட்டி செய்யும் பெட்டி. அது ஒற்றை உடல் படகு மாதிரி சாயாது, அது உண்மை. அதற்குப் பதிலாக வெடுக் வெடுக்கென்று உதறும். சாய்வது மேலா உதறுவது மேலா என்பது அவரவர் வயிற்றைப் பொறுத்தது.

பகலைவிட இரவுதான் விஷயம். ஆகஸ்டில் நங்கூரம் போட ப்ராலினின் வடமேற்கு முனையில் உள்ள ஆன்ஸ் லாசியோ நல்ல இடம் என்று எல்லோரும் சொல்வார்கள், தப்பில்லை, மலை காற்றை மறைக்கும். ஆனால் அலை முனையைச் சுற்றி வளைந்து உள்ளே வரும். காற்று ஒரு பக்கம் பார்க்க, அலை இன்னொரு பக்கத்திலிருந்து வர, படகு நடுவில் தொட்டில் ஆடும். அதுவாவது பரவாயில்லை. இரண்டாவது இரவு இரண்டரை மணிக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து கர்ர்ர் என்று ஒரு சத்தம். கல்லில் அம்மி இழுப்பது போல. மலை மேலிருந்து திடீர்க் காற்று விழுந்து படகு திரும்பியதில், மணலில் படுத்திருந்த சங்கிலி பக்கத்திலிருந்த பாறையில் உரசிக்கொண்டிருந்தது. தலைவிளக்கை மாட்டிக்கொண்டு முன்னால் போய், சங்கிலியில் கையை வைத்துப் பார்த்தேன். நங்கூரம் இழுபட்டால் சங்கிலி விட்டு விட்டு அதிரும், பாறையில் உரசினால் தொடர்ந்து நறநறவென்று இருக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சொன்னது ஞாபகம் இருந்தது. இது நறநறதான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை, விடியும் வரை கைப்பேசியில் நங்கூர அலாரத்தைப் பார்த்தபடி மேல்தளத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் படகிலும் ஒரு தலைவிளக்கு எரிந்துகொண்டிருந்தது, கையை ஆட்டிக்கொண்டோம்.

மாஹேயிலும் ப்ராலினிலும் சில இடங்களை விட்டால் படகைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கத் துறை கிடையாது, படகைக் கட்டி வைக்கும் மிதவைகளும் குறைவு. கரீபியனில் இருக்கும் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளுக்குப் போய்ப் பழகியவர்கள் இங்கே வந்து திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே வளைகுடாவுக்கு வளைகுடா மிதவை வரிசை, கரையில் சாப்பாட்டுக் கடை, எங்கே பார்த்தாலும் அடுத்த தீவு கண்ணில் படும். செஷல்ஸில் நங்கூரம் நீங்களே போட வேண்டும், அதுவும் பவளமும் பாறையும் இல்லாத மணல் திட்டைக் கண்ணால் தேடிப் போட வேண்டும், அதற்கு வெயில் உச்சியில் இருக்க வேண்டும். நாலரை மணிக்கு ஒரு புது இடத்துக்கு வந்து சேர்ந்தால் தண்ணீர் மேல் சூரியன் கண்ணாடி மாதிரி கூசும், அடியில் என்ன இருக்கிறது என்று ஒன்றும் தெரியாது. என் மனைவி நீச்சல் கண்ணாடி போட்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி கையால் சைகை காட்ட, நான் படகை நகர்த்தினேன். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் திருமண வாழ்க்கை பற்றிய பல உண்மைகள் வெளிவந்தன.

கரையேறுவதும் ஒரு கலை. புகைப்படத்தில் பார்க்கிற அந்தக் கடற்கரைகளில் படகுத்துறை எதுவும் கிடையாது, சின்ன ரப்பர் படகில்தான் மணலில் போய் ஏற வேண்டும். ஆன்ஸ் ஜார்ஜெட்டில் மூன்று பேர் போனோம். அலை தூரத்திலிருந்து பார்க்க முழங்கால் உயரம்தான் இருந்தது. முதல் இரண்டு அலை கடந்தது. மூன்றாவது பின்னாலிருந்து தூக்கியது, அவசரப்பட்டு ஒருவர் குதித்துவிட்டார், எடை மாறியதும் ரப்பர் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. மோட்டார் மேலே விழாமல் தப்பினோம், அதுதான் பெரிய விஷயம். என் மூக்குக்கண்ணாடி இன்னும் அங்கேதான் எங்கோ கிடக்கிறது. அதற்கப்புறம் மீதி நாள் எல்லாம் ரப்பர் படகை அலை உடையும் இடத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, தண்ணீர் புகாத பையை இழுத்துக்கொண்டு நீந்தித்தான் போனோம். நீந்தத் தெரியாதவர்கள், சின்னக் குழந்தைகள், முட்டி வலிக்காரர்கள் கூட இருந்தால் ஆகஸ்டை மறந்துவிடுங்கள்.

ஏப்ரலில் இது எதுவும் இல்லை. ஆகஸ்டில் கிட்டவே போக முடியாத சின்னச் சின்ன இடங்களில் எல்லாம் போய் நின்றோம். செயின்ட் பியர் என்று ஒரு பாறைக் குவியல், அதன் மேல் கொஞ்சம் தென்னை, அவ்வளவே தீவு. அதைச் சுற்றி நீந்தும்போது தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது, நங்கூரச் சங்கிலியின் கடைசி வளையம் வரை மேலிருந்தே எண்ணலாம். இரவில் படகு நகர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை, எட்டு பேரும் தூங்கினோம். வாளி வெளியே வரவே இல்லை. ஆனால் பாய்? ஏழு நாளில் ஒன்றரை நாள் ஏற்றினோம், அதிலும் பாதி நேரம் துணி காயப்போட்ட மாதிரி தொங்கியது. மீதி முழுக்க எஞ்சின். டீசல் செலவு ஒரு பக்கம், அந்தப் புழுக்கம் ஒரு பக்கம். காற்றே இல்லாத பூமத்தியரேகைப் பகல் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, மேல்தளத்தில் வெறுங்காலை வைத்தால் தோசைக்கல். பாய்மரம் ஓட்டவே வந்த ஒரு நண்பர் நாலாவது நாள் பாய்க்கயிற்றைச் சுருட்டி அழகாக மாட்டி வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தார், அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

இதுதான் நான் சொல்ல வந்தது. இங்கே நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பட்டியல் போட முடியாது. பாயை நிரப்புகிற காற்றுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது, கடலைத் தெளியவைக்கிற அமைதிதான் படகை மோட்டார் வண்டியாக்குகிறது.

புயல் பயம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: மாஹே, ப்ராலின் பக்கம் புயல் பாதையில் இல்லை, பூமத்தியரேகைக்கு இவ்வளவு கிட்டத்தில் புயல் சுழன்று வலுப்பெறுவது கடினம். கரீபியனில் 2017 செப்டம்பரில் இர்மா அடித்து வாடகைப் படகுகள் குவியல் குவியலாகக் கிடந்த மாதிரிப் பேரழிவு இங்கே நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. தெற்கே உள்ள வெளித் தீவுகள் வேறு கதை, 2016இல் ஃபன்டாலா புயல் ஃபார்குவார் தீவைச் சிதைத்துவிட்டுப் போனது. டிசம்பர், ஜனவரி மழையைப் பற்றி மட்டும் யோசியுங்கள், ஜனவரியில் மாஹேயில் சராசரியாக 400 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும். நான் அந்தக் காலத்தில் போனதில்லை, போகவும் மாட்டேன். ஆன்ஸ் லாசியோ அப்போது காற்றுக்கு நேர் எதிரே இருக்கும், நங்கூரம் போட மற்ற பக்கங்களைத்தான் தேட வேண்டும்.

கடற்கொள்ளையர் பயமும் சிலருக்கு இருக்கிறது. 2009இல் இங்கிருந்து பாய்மரப் படகில் கிளம்பிய ஒரு பிரிட்டிஷ் தம்பதியை சோமாலியர்கள் கடத்தியது உண்மைதான், அது வெளிக்கடலில். நாம் சுற்றுவது தீவுகளுக்கு நடுவில். எனக்கு அந்தக் கவலை வரவில்லை. சுறா? 2011 ஆகஸ்டில் ஆன்ஸ் லாசியோவில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு பேர் சுறா தாக்கி இறந்தார்கள். அங்கே நீந்தியிருக்கிறேன், இனியும் நீந்துவேன், ஆனால் நங்கூரமிட்ட இடத்தில் மீனை வெட்டிக் கழிவைக் கொட்டுகிற ஆளைக் கண்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இனி அழகு. இதில் எந்த மாதமானாலும் ஏமாற்றமில்லை. கடல் நடுவே இருக்கும் தீவுகள் பெரும்பாலும் எரிமலையிலோ பவளத்திலோ உருவானவை, இவை கருங்கல். ஏறக்குறைய 75 கோடி ஆண்டுப் பழைய கல், மடகாஸ்கரையும் இந்தியாவையும் விட்டுப் பிரிந்து நடுக்கடலில் தங்கிப்போன துண்டு. யானை முதுகு மாதிரி வழவழப்பாக, மழைநீர் அரித்த பள்ளங்களோடு, மாலை வெயிலில் இளஞ்சிவப்பாக நிற்கும். லா டீக்கில் ஆன்ஸ் சோர்ஸ் தார்ஜான் கடற்கரைப் படத்தை எங்காவது பார்க்காதவர் இருக்க மாட்டார். படகில் அங்கே நேராகப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், முன்னால் ஆழமில்லாத பவளத்திட்டு. லா பாஸ் துறைமுகத்தில் படகை விட்டுவிட்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்துப் போக வேண்டும், கட்டணமும் உண்டு. அந்தத் துறைமுகம் சின்னது, முன்னால் நங்கூரம் போட்டுப் பின்பக்கத்தைக் கரையில் கயிறு கட்டி நிற்க வேண்டும், அதே நேரத்தில் பயணிகள் படகு உள்ளே வந்தால் அத்தனை பேர் பார்வையும் உங்கள் மேல்தான். பாய்மரத் தேர்வையே அங்கே வைக்கலாம்.

எனக்குப் பிடித்த தீவு க்யூரியூஸ். 1833இலிருந்து 1965 வரை தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த இடம், மருத்துவர் தங்கிய மரவீடு இன்னும் இருக்கிறது. லாரே வளைகுடாவில் இறங்கி, அலையாத்திக் காட்டுக்கு நடுவில் போட்ட மரப்பாதையில் நடந்தால் தீவின் அடுத்த பக்கம் வந்துவிடலாம். வளைகுடாவை மறித்துக் கட்டியிருந்த பழைய ஆமைக்குளச் சுவர் 2004 சுனாமியில் உடைந்து கிடக்கிறது. அல்டாப்ராவிலிருந்து கொண்டுவந்து விட்ட ராட்சத ஆமைகள் வழியில் படுத்துக்கொண்டு, கழுத்தைச் சொறிந்துவிடச் சொல்லி நீட்டும். ஆள் நின்றால் ஆமை எழுந்து நிற்கும், கழுத்து அவ்வளவு நீளம் உள்ளே இருந்ததா என்று வாய்பிளப்போம். கரையோரக் குட்டைத் தண்ணீரில் சுறாக்குட்டிகள் கணுக்கால் பக்கம் போகும், பயம் வேண்டாம், அவைதான் நம்மைக் கண்டு ஓடும்.

கூசன் தீவுக்கு உங்கள் படகில் போய் இறங்க முடியாது. எலி ஏறிவிடும் என்ற பயம். வெளியே நிற்க வேண்டும், அவர்களுடைய படகு வந்து ஏற்றிக்கொண்டு, முழு வேகத்தில் மணலில் பாய்ந்து நிற்கும், கையால் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் புரியும். செஷல்ஸ் கதிர்க்குருவி உலகத்திலேயே முப்பதுக்கும் குறைவாக எஞ்சியிருந்த நேரத்தில், 1968இல் அதற்காகவே இந்தத் தீவை வாங்கினார்கள். இன்று பல தீவுகளில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. கொசுவும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, முழுக்கை சட்டை போட்டுப் போங்கள். ப்ராலினில் வலே த மே காட்டையும் விட்டுவிடாதீர்கள், கடல் தேங்காய் மரங்கள் தலைக்கு மேல் ஓலை உரசும் சத்தத்துக்காகவே போகலாம்.

ஏமாற்றம் என்றால் பவளம். 1998இல் கடல் சூடாகி இந்த உள்தீவுகளின் பவளத்தில் 90 சதவீதம் வரை செத்துப்போனது, தேறி வரும்போது 2016இல் மறுபடி அடி. மீன் ஏராளம், ஆமை உண்டு, திருக்கை உண்டு, ஆனால் வண்ணப் பவளத் தோட்டம் பார்க்கத்தான் போகிறேன் என்றால் இது அந்த ஊர் இல்லை.

செலவு. மலிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். படகு வாடகை யூரோவில், அதற்கு மேல் முன்பணமாக ஒரு பெரிய தொகையை அட்டையில் பிடித்து வைப்பார்கள், தீவுக்குத் தீவு பூங்காக் கட்டணம். சாப்பாட்டுப் பொருளில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது, அதனால் விலையும் அப்படித்தான். மாஹேயில் இருக்கும் தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் கோபுரம் தெரியும் தெருவில் ஒரு மளிகைக் கடையில் நுழைந்தேன், நான் தக்காளியைப் பொறுக்குவதைப் பார்த்துவிட்டு, “தம்பி, அத எடுக்காதீங்க, கப்பல் நாளைக்குத்தான். மார்க்கெட்டுல பரங்கியும் கத்தரியும் உள்ளூர்ல வெளஞ்சது, அத வாங்கிக்கிங்க” என்றார் கடைக்காரர். அந்த யோசனையில் மிச்சமானது மட்டும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு ஆனது. ப்ராலினிலும் லா டீக்கிலும் கடைகள் உண்டு, ஆனால் சின்னவை. அரிசி, பருப்பு, குடிநீர் எல்லாம் மாஹேயிலேயே ஏற்றிவிடுங்கள். மீனைப் பற்றிக் கவலை வேண்டாம்.

படகில் ஏதாவது ஒன்று கெடும், அதற்கும் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். எங்கள் ஏப்ரல் படகில் மூன்றாவது நாள் ஜெனரேட்டர் நின்றது, ஏசி போனது, குளிர்பெட்டி போனது. வாடகைக்குக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டால் வருகிறோம் வருகிறோம் என்று சொல்லி ஒன்றரை நாள் கழித்து ஒரு பையன் பயணிகள் படகில் கருவிப்பையோடு வந்தான், கடல்நீர் உறிஞ்சும் சல்லடையில் அடைத்திருந்த பாசியை எடுத்தான், ஓடியது. பத்து நிமிஷ வேலை. கிளம்புவதற்கு முன் சல்லடைகள் எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.

உரிமமும் அனுபவமும் இருந்தாலும் முதல் முறை உள்ளூர் மாலுமி ஒருவரைக் கூட வைத்துக்கொள்வது நல்லது. எங்கே பாறை, எங்கே மணல், எந்த மேகம் சும்மா போகும், எந்த மேகத்துக்குப் பாயைச் சுருக்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கைரேகை மாதிரி. ஒரு அறை போய்விடுமே என்று நாங்கள் ஆகஸ்டில் வேண்டாம் என்றோம். அந்தச் சங்கிலிச் சத்த இரவில் அந்த ஒரு அறையை நினைத்துக்கொண்டேன்.

இப்போது மூன்றாவது முறை போகலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. வாளிக் கூட்டம் ஏப்ரல் என்கிறது, கயிறு சுருட்டிய நண்பர் ஆகஸ்ட் இல்லையென்றால் வரமாட்டேன் என்கிறார். மே கடைசி வாரம் போனால் காற்று ஆரம்பித்திருக்கும், முழு முரட்டுத்தனம் வந்திருக்காது என்று கணக்குப் போட்டு நேற்று எல்லோருக்கும் எழுதி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் ஒன்றும் வரவில்லை.